தனி அவத்தை மோட்டரும் மிகைச்சுமை எல்லையும்

பருத்தித்துறைப் பகுதி வீடுகள் பலவற்றில் கிணற்று நீரை மேல்தாங்கிக்கு ஏற்றுவது சிறிய தனி அவத்தை மோட்டர் பூட்டிய நீர்ப்பம்பியாகும். சில நாட்கள் ஓடாமற் கிடந்த பம்பி, ஆளியைப் போட்டதும் சுழலாமல் இரைவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்நிலையில் உருகி எரியாமலே மோட்டர் எரிந்து போகலாம். அது ஏன் எனப் பார்ப்போம்.

1. முழுச்சுமை ஓட்டம்

½ குதிரைவலு மோட்டரின் பயப்பு வலு 373 உவாற்று. வினைத்திறன் 60%, வலுக் காரணி 0.8, வழங்கல் 230 வோல்ற்று எனக் கொள்வோம்.

பெய்ப்பு வலு = 373 ÷ 0.6 = 622 உவாற்று
ஓட்டம் = 622 ÷ (230 × 0.8) = 3.4 அம்பியர் (அண்ணளவாக)

உண்மையான பெறுமானத்தை மோட்டரின் விபரத் தகட்டில் காணலாம்.

2. எல்லையை மீறினால்

சுமை கூடும்போது சுழலியின் கதி குறையும். மோட்டர் இழுக்கும் ஓட்டம் கூடும். சுருளில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும். ஓட்டம் 6 அம்பியர் ஆனால் வெப்பம் (6 ÷ 3.4)² = 3.1 மடங்காகும். இதனால் சுருளின் காவலிப் பூச்சு கருகிவிடும்.

மிகைச்சுமைக்கான காரணங்கள்:
(அ) உப்புக் கடற்காற்றினால் துருப்பிடித்துப் போதிகை இறுகுதல்
(ஆ) பம்பியின் சில்லில் மணல் சிக்குதல்
(இ) கொள்ளளவி பழுதடைதல்
(ஈ) வழங்கல் வோல்ற்றளவு குறைதல். 190 வோல்ற்றில் மோட்டரின் முறுக்கம் (190 ÷ 230)² = 0.68 மடங்காகக் குறையும்.

3. உருகி ஏன் போதாது?

மோட்டர் தொடங்கும் கணத்தில் முழுச்சுமை ஓட்டத்தைப் போல் ஏறத்தாழ 5 தொடக்கம் 7 மடங்கு ஓட்டம் பாயும். அதைத் தாங்குவதற்காகப் பெரிய உருகி இடப்படுகிறது. 15 அம்பியர் உருகி 6 அம்பியர் ஓட்டத்தைத் தடுக்காது. உருகி காப்பது வடத்தை. மோட்டரைக் காப்பது, விபரத் தகட்டின் ஓட்டத்துக்கு ஏற்பச் செப்பஞ்செய்த மிகைச்சுமைக் காப்பு. தடித்த கம்பியை உருகியாக இட்டால் வடத்துக்கும் காப்பில்லை. வீடு தீப்பற்றவும் கூடும்.

கவனிக்க: மையநீக்கப் பம்பி நீரின்றி ஓடினால் ஓட்டம் கூடாது, குறையும். எனவே கிணறு வற்றுதலை மிகைச்சுமைக்குக் காரணமாக எழுத வேண்டாம். ஆயினும் பம்பியின் நீர்க்கசிவுத் தடுப்பு சூடாகிக் கெடும்.

நினைவிற் கொள்க: மோட்டர் சுழலாமல் இரைந்தால் உடனே ஆளியை நிறுத்துங்கள். செருகியைக் கழற்றாமல் அச்சைக் கையாற் சுற்ற வேண்டாம்.

பயிற்சி: மேற்கூறிய வினைத்திறனும் வலுக் காரணியும் உடைய 1 குதிரைவலு மோட்டரின் முழுச்சுமை ஓட்டம் யாது?
(விடை: 6.8 அம்பியர்)