கோழை வெளியேற ஒரு கை கொடுங்கள்

விடிஞ்சும் விடியாமல் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருமல் சத்தம் கேட்கிறதா? அது வயதான மாமனாராக இருக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்டு முடித்து வந்த கணவராக இருக்கலாம். விறகடுப்புப் புகையில் இருபது வருஷம் சமைத்த மனைவியாகவும் இருக்கலாம். "நல்லா இருமித் துப்பு" என்று சொல்லி முதுகில் நாலு தட்டு தட்டுகிறோம். இருமுகிறவர் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, சோர்ந்து படுத்துவிடுகிறார். கோழை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஏன் இப்படி? நெஞ்சுக்குள் மூச்சுக்குழாய்கள் மரக்கிளை போலப் பிரிந்து போகின்றன. தூசியும் புகையும் (பீடிப் புகையும் சேர்த்துத்தான்) அவற்றைக் கெடுத்தால் சளி அதிகம் ஊறும். காசநோய் குணமான பிறகும் சிலருக்குக் குழாய் விரிந்து சளி தேங்குவது உண்டு. இந்நோய் நமக்குப் புதிதல்ல. 1968-ல், இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தபோது, திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் பி.சி.ஜி. ஊசி ஆராய்ச்சி நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஓயாமல் பலமாக இருமினால் அந்த அழுத்தத்திலேயே மெல்லிய குழாய்கள் நசுங்கி அடைபடும். காற்று கோழைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தால்தான் அதை வெளியே தள்ளும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால், கட்டில் ஓரத்தில் பாதம் தரையில் பட உட்கார்ந்து சற்றே முன்னால் சாயட்டும். டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருந்தால் முதலில் அதை இழுத்து, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். மூக்கால் மெதுவாக ஆழமாக மூச்சிழுத்து, மனசுக்குள் மூன்று எண்ணும்வரை அடக்கி, விட வேண்டும். மூன்று நான்கு தடவை போதும். பிறகு வாயைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அதுபோல "ஹா" என்று நீளமாக, வயிற்றை உள்ளிழுத்து ஊத வேண்டும். ஒன்றிரண்டு ஊதலில் கோழை தொண்டைக்கு ஏறிவரும். அப்போது ஒரே ஒரு இருமல். வராவிட்டால் கொஞ்சம் ஓய்வு, மறுபடி முதலிலிருந்து. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

குடும்பநல ஆபரேஷனோ சிசேரியனோ செய்துகொண்ட தாய்மார்கள் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து இருமலை அடக்குகிறார்கள். அடக்கினால் சளி கட்டிக்கொள்ளும். தலையணையையோ மடித்த துண்டையோ தையல்மேல் இரு கையாலும் அணைத்துப் பிடித்து இருமலாம். கணவர் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொடுத்தால் இன்னும் நல்லது.

மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், தசை நோய் உள்ளவர் போன்றோருக்கு இருமவே பலமிருக்காது. அவர் இருமும் அதே நொடியில் மற்றவர் உள்ளங்கையை விலா எலும்புக்குக் கீழே மேல்வயிற்றில் வைத்து உள்ளேயும் மேலேயுமாக அழுத்தித் துணை செய்யும் முறை உண்டு. இதைப் படித்துவிட்டுத் தானாகச் செய்யாதீர்கள். இயன்முறை சிகிச்சையாளர் கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கே அவர் வருவார். கர்ப்பிணிக்கும், விலா முறிந்தவருக்கும், வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கும், சாப்பிட்ட கையோடும் இம்முறை கூடவே கூடாது.

துப்புவதை மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். கோழையில் ரத்தம் கண்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். ரத்தம் அதிகமாக வந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், மூச்சு முட்டிப் பேச முடியாமல் போனாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.