தொலைதூர சர்வரின் டிரைவை நமது கணினியில் இணைப்பது எப்படி? கவனிக்க வேண்டியவை என்ன?

அலுவலக சர்வரில் உள்ள கோப்பை வீட்டிலிருந்து திருத்த வேண்டுமெனில், அதைப் பதிவிறக்கி, மாற்றம் செய்து, மீண்டும் பதிவேற்றுவதே பலரது வழக்கம். இதற்கு மாற்றாக, சர்வரின் டிரைவையே நமது கணினியுடன் இணைக்க முடியும். தொழில்நுட்ப வழக்கில் 'மவுண்ட்' எனப்படும் இம்முறையில், சி, டி டிரைவ்களுடன் சர்வரின் டிரைவும் ஒன்றாகத் தோன்றும்.

செயல்படும் விதம்

கோப்புகள் தொடர்ந்து சர்வரிலேயே இருக்கும். ஒரு கோப்பைத் திறக்கும்போது அதற்குரிய தரவு மட்டும் வலையமைப்பு வழியாக வந்துசேரும். சேமிக்கும்போது மாற்றங்கள் சர்வருக்குச் செல்லும்.

விண்டோஸ் கணினிகளில் இதற்கு 'எஸ்எம்பி' என்ற நெறிமுறை பயன்படுகிறது. 'திஸ் பிசி' பகுதியில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சர்வரின் பெயர், பகிரப்பட்ட கோப்புறையின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை அளித்தால் இணைப்பு கிடைக்கும். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய 'என்எஃப்எஸ்' நெறிமுறை இன்றும் புழக்கத்தில் உள்ளது.

பாதுகாப்பான வழி எது?

எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் எண் போர்ட்டை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைப்பது ஆபத்தானது. 2017 மே 12-இல் பரவத் தொடங்கி 150-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பாதித்த 'வான்னாகிரை' ரேன்சம்வேர், எஸ்எம்பியின் பழைய பதிப்பில் இருந்த குறைபாட்டின் வழியாகவே பரவியது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் பாதிக்கப்பட்டன.

எனவே, வெளியிடங்களிலிருந்து இணைவோர் விபிஎன் வழியாக இணைவதே நல்லது. லினக்ஸ் பயன்படுத்துவோர் 'எஸ்எஸ்எச்எஃப்எஸ்' மென்பொருளையும் பயன்படுத்தலாம். இது எஸ்எஸ்எச் இணைப்பின் வழியாகத் தரவுகளை மறையாக்கம் செய்து அனுப்புகிறது.

காப்புப் பிரதி அல்ல

இணைக்கப்பட்ட டிரைவைக் காப்புப் பிரதியாகக் கருதக் கூடாது. விண்டோஸில் அங்கு நீக்கப்படும் கோப்பு பொதுவாக 'ரீசைக்கிள் பின்' பகுதிக்கு வராது, சர்வரிலிருந்தே அழிந்துவிடும். நமது கணினியில் ரேன்சம்வேர் புகுந்தால், சர்வர் கோப்புகளையும் அது முடக்கக்கூடும்.

படிப்பது மட்டுமே தேவையெனில், திருத்தும் அனுமதியின்றி இணைக்கலாம். பணி முடிந்ததும் இணைப்பை முறையாகத் துண்டிப்பதும், முக்கியக் கோப்புகளின் பிரதியை எந்தக் கணினியுடனும் இணைக்கப்படாத டிரைவில் தனியே வைத்திருப்பதும் அவசியம்.