பார்டர் சுகர்: கோடு போட்டது யார்?

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த ஒருவருக்கு ரிப்போர்ட்டில் 105 என்று வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் முன்நீரிழிவு 110 மில்லிகிராமில்தான் தொடங்குகிறது. அதன்படி அவர் நார்மல். அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் எல்லையோ 100. அதன்படி அவர் ‘பார்டர்’. ரத்தம் ஒன்று, பெயர் இரண்டு.

நகர்ந்த கோடு

அமெரிக்கச் சங்கமும் முன்பு 110 என்றுதான் வைத்திருந்தது. 2003-ல் அதை 100 ஆக்கியது. யாருடைய உடலிலும் எதுவும் மாறாமலே ஏராளமானோர் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். இந்தியாவில் 15 மாநிலங்களில் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 10.3 சதவீதமாக இருந்த முன்நீரிழிவு, அமெரிக்க அளவுகோலில் 24.7 சதவீதம் ஆனது!

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யிலும் இதே கதை. அமெரிக்காவில் 5.7-லேயே எச்சரிக்கை, பிரிட்டனில் 6.0 வரை பொறுத்திருக்கிறார்கள்.

கோடு அல்ல, சரிவு

99-ல் இருப்பவர் பத்திரம், 100-ஐத் தொட்டவர் ஆபத்தில் என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் கூடவே ஏறுகிறது. கோட்டைக் கீழே இறக்கினால், நீரிழிவே வராத பலரும் வலையில் சிக்குவார்கள். மேலே ஏற்றினால், வரப்போகிற சிலர் நழுவிவிடுவார்கள்.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வை இங்கே பார்க்க வேண்டும். குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 140 முதல் 199 வரை இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். ஒருமுறை பார்த்ததோடு விடவில்லை, மறுபடியும் சோதித்து உறுதி செய்துகொண்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடை, உணவு என்று பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம்தான்.

இந்த 55-ஐப் பார்த்துவிட்டு, ஃபாஸ்டிங்கில் 102 வந்தவர் தனக்கும் அதே கதிதான் என்று பயப்படத் தேவையில்லை. அவர் வேறு வாசல் வழியாகப் பட்டியலுக்கு வந்தவர். முன்நீரிழிவு என்ற ஒரே பெயரில் பல வகை ஆட்கள் இருக்கிறார்கள்.

ரத்தசோகை செய்யும் குழப்பம்

இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கும்போது, 5.8 என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டுவது சரியல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு. ஃபாஸ்டிங் நார்மலாக இருந்தும் கரைசல் குடித்த பிறகு 140-ஐத் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ‘பார்டர்ல இருக்கு’ என்று சொன்னால் எந்தப் பரிசோதனையில், எவ்வளவு, யாருடைய அளவுகோலில் என்று டாக்டரிடம் கேளுங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தாலோ, தொப்பை விழுந்திருந்தாலோ, குளுக்கோஸ் கரைசல் பரிசோதனை தேவையா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.