ஊர் திரும்புமுன் பிள்ளைகளின் பற்களையும் பாருங்கள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு கற்பிட்டிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாடசாலை செல்கிறார்கள். சொந்த ஊருக்குத் திரும்பும் நீங்கள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் தேடி எடுத்து வைப்பீர்கள். அத்தோடு பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லி, பற்களையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

பல்லில் திட்டு ஏன் வருகிறது?

பல்லை மூடியிருக்கும் கடினமான உறை மிளிரி. எனாமல் என்றும் சொல்வார்கள். நிரந்தரப் பற்களின் மிளிரி, பல் முளைப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முரசுக்குள் உருவாகத் தொடங்குகிறது. முன்பற்களுக்கு முதல் சில வருடங்களே முக்கியமானவை. அந்தக் காலத்தில் குடிநீரில் புளோரைட்டு அதிகமாக இருந்தாலோ, பிள்ளைக்குக் கடும் நோயோ போசாக்கின்மையோ ஏற்பட்டாலோ மிளிரி சரியாக உருவாகாமல் போகலாம். பிறகு பல் வெள்ளைத் திட்டுகள், கபில நிறக் கறைகள் அல்லது சிறு குழிகளுடன் முளைக்கும்.

இது பல் தீட்டாததால் வந்த அழுக்கு அல்ல. அதற்காகப் பிள்ளையை ஏச வேண்டாம். கரி, உப்பு, தேசிக்காய் கொண்டு உரஞ்சவும் வேண்டாம். கறை போகாது, மிளிரிதான் தேயும்.

சூத்தை எப்படிப் பிடிக்கிறது?

வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் மிளிரியைக் கரைக்கிறது. மிளிரி பலவீனமான பல்லில் சூத்தை விரைவாகப் பரவும். எவ்வளவு இனிப்புச் சாப்பிடுகிறார்கள் என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். பிஸ்கட், டொபி, சீனி போட்ட தேநீர் ஆகியவற்றைச் சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்துங்கள். இனிப்புப் பால் போத்தலோடு குழந்தையைத் தூங்கவைக்க வேண்டாம்.

6 வயதளவில், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால், பலர் அதையும் பால் பல் என்று விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். சூத்தை பிடித்துக் கழற்றினால் வேறு பல் முளைக்காது.

புதிய ஊரின் தண்ணீர்

கற்பிட்டியில் நீங்கள் பழகியது மணல் நிலத்தின் ஆழமில்லாத கிணற்று நீர். உலர் வலயத்தில், கடும் பாறை உள்ள இடங்களின் கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் புளோரைட்டு அதிகமாக இருக்கக்கூடும். அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா மாவட்டங்களில் இது தெரிந்த பிரச்சினை. ஒரே கிராமத்தில் இரண்டு கிணறுகள்கூட வேறுபடலாம். நிறத்திலோ சுவையிலோ கண்டுபிடிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். புளோரைட்டு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆகவே கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ கேளுங்கள். அளவு கூடுதலாக இருந்தால், சிறு பிள்ளைகளின் குடிநீருக்கும் பால்மா கரைப்பதற்கும் சுத்தமாகச் சேகரித்த மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ பயன்படுத்துங்கள்.

அப்படியானால் புளோரைட்டுப் பற்பசை கூடாதா? கூடும். விழுங்கும் புளோரைட்டு அளவு மீறினால்தான் உருவாகும் மிளிரியைக் கெடுக்கும். பல்லின் மேல் படும் சிறிதளவு புளோரைட்டு சூத்தையைத் தடுக்கும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசியளவும், 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். காலையிலும் படுக்கைக்கு முன்னும் நீங்களே தீட்டிவிட்டு, பசையைத் துப்பவையுங்கள்.

புறப்படுமுன்

• பிள்ளையைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்கோ அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். சிகிச்சை இலவசம்.
• தற்காலிகமாக அடைத்த பல் இருந்தால், முழுமையாக அடைத்துவிட்டுப் போங்கள். முடியாவிட்டால் சிகிச்சைத் துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
• பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பொதிக்குள் அடுக்காமல் கைப்பையில் வையுங்கள்.
• போய்ச் சேர்ந்ததும், அருகிலுள்ள பற்சிகிச்சை நிலையம் எங்கே என்று குடும்ப நல உத்தியோகத்தரிடமோ பாடசாலை அதிபரிடமோ கேட்டறியுங்கள்.

பல் வலித்து முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ, வீடு கட்டி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.