வேட்டைக்காரருக்கு வெள்ளெழுத்து!

ஆபீஸில் நாற்பது தாண்டியவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு ஃபைலைக் கொடுத்துப் பாருங்கள். கையை நீட்டுவார். தலையைப் பின்னால் சாய்ப்பார். கடைசியில் "கை நீளம் பத்தலைப்பா" என்று உங்களிடமே திருப்பிக் கொடுத்து, படிக்கச் சொல்வார். வெள்ளெழுத்து!

இளைஞர்களே, சிரிக்காதீர்கள். பத்து வயதில் அரைச் சாண் தூரத்தில் படிக்கிற கண், நாற்பதில் ஒரு சாண் கேட்கும். ஐம்பதில் இரண்டு சாண். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போவதுதான் காரணம். சம்பள விகிதம் பார்க்காமல் எல்லோருக்கும் வரும். நாமெல்லாம் பாண்டி பஜாரில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். கையில் துப்பாக்கி வைத்திருந்த மனிதர்கள் என்ன செய்தார்கள்?

இதற்குப் பதில் எனக்கு அடையாறில் கிடைத்தது. எங்கள் குடும்ப நண்பர், எண்பத்தைந்து வயது மாமா. அறுபதுகளில் வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். லைசென்ஸ் எடுத்தால் மான் வேட்டை ஆடலாம் என்றிருந்த காலம்.

"எங்க துரைகிட்ட ஒரு வின்செஸ்டர் இருந்ததுப்பா. லீவர் வெச்சது."

ஜெய்சங்கர் குதிரையேறி வந்த கௌபாய் படங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்குக் கீழே ஒரு வளையம். கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே துள்ளும். மேலே இழுத்தால் அடுத்தது உள்ளே ஏறும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாடல் 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எடை சுமார் 3 கிலோ. அமெரிக்காவில் மான் வேட்டை என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. நம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்ததும் லீவர் வின்செஸ்டர்தான். 1895 மாடல், .405 ரகம். அது கொஞ்சம் கனமான அண்ணன்.

"துரைக்கு ஐம்பது தாண்டினதும் குறி தப்ப ஆரம்பிச்சுது. துப்பாக்கியைத் திட்டினார். தோட்டாவைத் திட்டினார். என்னையும் திட்டினார்" என்றார் மாமா.

பிரச்னை எங்கே என்றால், குழல்மேல் இருக்கும் பின்குறி கண்ணிலிருந்து ஒன்றரை அடி. முனையில் இருக்கும் முன்குறி இரண்டே முக்கால் அடி. மான் நூறு கஜம். மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். ஆனால், எந்தக் கண்ணாலும் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இளம் கண் மூன்றுக்கும் நடுவே மின்னலாகத் தாவும். வயதான கண்ணுக்கு முதலில் பின்குறி மங்கும். அப்புறம் முன்குறி.

துரை செய்த வைத்தியம் எளிமையானது. பின்குறியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்கு அருகில் ஒரு சின்னத் துளைத் தகட்டைப் பொருத்தினார். முன்குறியில் வெள்ளை மணி ஒன்று வைத்தார்.

துளையால் என்ன பிரயோஜனம்? உங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டிடம் ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்து, அதில் குண்டூசியால் ஓட்டை போட்டு, கண்ணாடி இல்லாமல் அதன் வழியாகப் பேப்பர் படிக்கச் சொல்லுங்கள். படிப்பார்! சின்ன ஓட்டை சிதறி வரும் கதிர்களைத் தடுத்துவிடுவதால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு ஒன்றாகத் தெளியும். மணியைத் துளையின் நடுவில் வைக்கும் வேலையைக் கண் தானாகவே செய்துகொள்ளும். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய ஏர் ரைஃபிளிலும் இந்த மாதிரித் துளைதான், டெலஸ்கோப் கிடையாது.

டெலஸ்கோப் மாட்டினால் இன்னும் சௌகரியமாயிற்றே என்பீர்கள். மானும் குறியும் ஒரே தூரத்தில் தெரியும், வாஸ்தவம். ஆனால், பழைய 1894 மாடலில் காலித் தோட்டா உச்சி வழியாகத் துள்ளும். டெலஸ்கோப்பில் போய் இடிக்கும். பக்கவாட்டில் துள்ளும்படி மாற்றியது 1982-ல்தான். தவிர, அரைக் கிலோ கூடிவிட்டால் 'லேசான துப்பாக்கி' என்ற பெருமையும் போச்சு.

"தகடு வெச்சதும் டப்பா டப்பாவா சுட்டுத் தள்ளினார். எனக்கு வயசு திரும்பிடுச்சுன்னு குதிச்சார்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒருநாள் சாயந்தரம். மழை விட்டு மூட்டம். புதர்ல பழுப்பா என்னமோ அசைஞ்சுது. கடமான்னு கிசுகிசுத்தார். குறி ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு, கண்ணு கழுகு. பார்த்தேன். குழலைப் புடிச்சு வானத்துக்குத் தள்ளிட்டேன்."

"என்ன மாமா அது?"

"கம்பளிப்பா. கொழுந்து கிள்ற ஒரு அம்மா மழைக்குப் போத்திக்கிட்டு விறகு பொறுக்கிட்டு இருந்தாங்க."

தகட்டின் மேல் தப்பில்லை. மணி எங்கே இருக்கிறது என்று அது சரியாகத்தான் சொன்னது. மணிக்கு அந்தப் பக்கம் நிற்பது மானா, மனுஷியா என்று சொல்வது அதன் வேலை இல்லை. போதாததற்கு, சின்ன ஓட்டை வெளிச்சத்தையும் குறைக்கும். அந்தி நேரத்தில் பெரிய ஓட்டைக்கு மாற வேண்டும். அதுவும் போதாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். துரை மறுநாளே துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாராம். அப்புறம் எடுக்கவே இல்லை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸ்களையும் ஒழித்தது. இன்றைக்கு வெளிமானைச் சுட்டால் 3 முதல் 7 வருஷம் உள்ளே. ஆண்டர்சனே கடைசிக் காலத்தில் ரைஃபிளை விட்டுக் கேமராவைத் தூக்கியவர்தான்.

மாமாவிடம் இப்போது இருப்பது ஒரு பைனாகுலர். சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் கிண்டி தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. புள்ளிமானும் உண்டு, வெளிமானும் உண்டு. சக்கரத்தைத் திருகினால் போதும், வெள்ளெழுத்து ஒரு பொருட்டே இல்லை.

"நேத்து ஒரு கலைமான் பார்த்தேன்ப்பா. கொம்புல எத்தனை கிளைன்னு எண்ணிட்டேன்" என்றார்.

"எத்தனை மாமா?"

"எழுதி வெச்சிருக்கேன். என் கண்ணாடி எங்கேன்னு பாரு, படிச்சுச் சொல்றேன்."