ரூம் போடும் முன் பாட்டியைக் கேளுங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் 'எங்கே போகலாம்?' என்பதுதான் வீட்டில் முதல் பேச்சு. ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா, மூணாறா என்று ஒரு வாரம் விவாதம் நடக்கும். ஊர் முடிவான அன்று இரவே யாராவது ஒருவர் செல்போனை எடுத்து, படத்தில் அழகாக இருக்கிற ஓரிடத்தில் ரூம் போட்டுவிடுவார். ஊருக்கு ஒரு வாரம், தங்குமிடத்துக்குப் பத்து நிமிடம். ஆனால் அந்தப் பயணத்தில் குடும்பத்தில் யாருக்கு ஓய்வு, யாருக்கு வேலை என்பது முடிவாவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஓட்டல் அறை, காட்டேஜ், ஹோம்ஸ்டே, ரிசார்ட், அரசு விடுதி, படகு வீடு என்று வகைகள் ஏராளம். எது சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை. இந்தப் பயணத்தில் நம் வீட்டில் அதிகம் சிரமப்படப் போகிறவர் யார் என்று முதலில் யோசியுங்கள். அவருக்குப் பொருந்துகிற இடம் மற்றவர்களுக்கும் அநேகமாகப் பொருந்திவிடும்.

பெரும்பாலான வீடுகளில் அவர் பாட்டியோ தாத்தாவோதான். மலையூர்களில் கட்டடங்கள் சரிவில் நிற்கின்றன. ரிசப்ஷன் சாலை மட்டத்தில் இருக்கும், அறையோ முப்பது நாற்பது படி கீழே இருக்கும். பள்ளத்தாக்கு தெரிகிற அறைதான் வேண்டும் என்றால் இன்னும் கீழே இறங்கச் சொல்வார்கள். லிஃப்ட் எல்லா இடத்திலும் கிடையாது. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் பல விடுதிகளின் வாசல்வரை கார் போகாது. செங்குத்தான பாதையில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். முழங்கால் தேய்ந்த பாட்டியோ இரண்டாம் நாளே, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்பார். அதை அவருடைய விருப்பம் என்று நாமும் எடுத்துக்கொள்வோம். அது விருப்பமில்லை. ஏறி இறங்க முடியாது என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கே போன் போட்டுப் பேசுங்கள். அறைக்கு எத்தனை படி, கார் எதுவரை வரும், வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்று கேளுங்கள். பல லாட்ஜுகளில் வெந்நீர் காலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், மே மாதத்திலும் இரவில் கம்பளி தேவைப்படும். குளிர் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் உடன் வருகிறார்கள் என்றால், சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காடு இதமானது. அங்கே கீழ்த்தள அறை ஒன்று கிடைத்தால், வியூ இல்லாவிட்டாலும் அதையே எடுப்பேன்.

அடுத்து அம்மா. காட்டேஜ்காரர்கள் 'கிச்சன் உண்டு' என்பதைப் பெரிய வசதியாகச் சொல்வார்கள். கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்கவும், சர்க்கரை நோயாளிக்கு நேரத்துக்கு இரண்டு இட்லி தரவும் அது உதவும் என்பது உண்மை. ஆனால் நம் வீடுகளில் அடுப்பு இருக்கும் இடத்தில் யார் நிற்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். அரிசி, பருப்பு, புளி, குக்கர் எல்லாம் மூட்டை கட்டப்பட்டு டிக்கியில் ஏறும். தாவரவியல் பூங்காவுக்கு எல்லோரும் கிளம்பும்போது அவர் சாம்பாரை இறக்கிக்கொண்டிருப்பார். செலவு குறைந்தது என்று நாம் கணக்குப் போடுவோம். அவருடைய உழைப்பு அந்தக் கணக்கில் வராது. வருடம் முழுக்கச் சமைக்கிறவரைக் கூட்டிப்போய் இன்னொரு சமையலறையில் நிறுத்துவதற்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம்.

காட்டேஜ்தான் வேண்டும் என்றால், சமையலுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். பல இடங்களில் வாட்ச்மேன் குடும்பத்தினரே சமைத்துத் தருகிறார்கள். என்ன வேண்டும், எத்தனை பேருக்கு என்று முதல் நாளே சொல்லி, கூலியையும் பேசிவிட வேண்டும். இல்லையென்றால் ஹோம்ஸ்டே. வால்பாறை, வயநாடு, குடகு பக்கம் எஸ்டேட்டை ஒட்டிய வீடுகளில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வீட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு செய்ய, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. உரிமையாளர் வேறு ஊரில் இருக்க, சாவியை மட்டும் வாட்ச்மேன் தருகிற வீட்டையும் இப்போது ஹோம்ஸ்டே என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். வீட்டுக்காரர்கள் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர் எழுந்து வருவார் என்று அறிந்த ஒருவர் பக்கத்து அறையில் இருப்பது பெரிய பலம்.

ஓட்டல் என்றால் சின்னச் சின்ன விவரங்களில்தான் நிம்மதி இருக்கிறது. எக்ஸ்ட்ரா பெட் என்பது பல இடங்களில் தரையில் விரிக்கும் மெத்தை. குளிரில் அது யாருக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால், நடுவில் கதவு உள்ள இரண்டு அறைகளைக் கேட்டுப் பாருங்கள். செக்-இன் நேரம் இன்னும் முக்கியம். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிந்ததும் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து காரில் ஏறினால் காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஊட்டியில் இருப்பீர்கள். அறையோ பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் என்பார்கள். குளிக்காத பிள்ளைகளோடு ரிசப்ஷன் சோபாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முதல் நாள் அங்கேயே கெட்டுப்போகும். வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடுகிற பழைய லாட்ஜுகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. இரவு ரயிலில் வருகிறவர்களுக்கு அவைதான் சரி.

1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதிகளைப் பலர் யோசிப்பதே இல்லை. மாமல்லபுரம், ராமேஸ்வரம், கன்னியாகுமரியில் கடலை ஒட்டி நல்ல இடம் அவற்றுக்கு. பளபளப்பு குறைவு. ஆனால் விசாலமான வளாகம், பிள்ளைகள் ஓட இடம் உண்டு.

வாடகையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரி 375 ரூபாய், 7,600 ரூபாய் அறைக்கு 1,368 ரூபாய். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து 20,000 ரூபாய்க்கு முழு வில்லாவாக எடுத்து ஒரே பில் போட்டால் வரி 3,600 ஆகும். 6,500 ரூபாய் வீதம் மூன்று அறை எடுத்தால் மொத்த வரி 975தான்.

எந்த ஊர் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதோ அந்த ஊரில் விடுதி இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஊட்டி என்று போட்டுவிட்டு விடுதி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மலைப்பாதையில், அதுவும் பனிமூட்டத்தில், பத்து கிலோமீட்டர் என்பது சாதாரண தூரமில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் தேவை. ரூமையும் பாஸையும் சேர்த்தே பாருங்கள். காட்டை ஒட்டிய ரிசார்ட்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும். நீலகிரியின் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் எழுந்த ரிசார்ட்டுகளுக்கு எதிரான உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. யானை நடக்கும் வழியை மறித்துக் கட்டிய அறையில் நம் பிள்ளைகளைத் தங்கவைத்து, காட்டைப் பற்றி என்ன சொல்லித்தர முடியும்? காட்டில் தங்க ஆசை என்றால் வனத்துறையின் டாப்சிலிப் விடுதிகளுக்கு முயன்று பாருங்கள். டிவியும் ரூம் சர்வீஸும் எதிர்பார்க்காதீர்கள், விடியற்காலையில் மான் கூட்டத்தைப் பார்க்கலாம்.

ஆலப்புழை படகு வீடு ஓர் இரவுக்கு அருமை. மாலை ஆறு மணிவாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள், மறுநாள் காலைதான் நகரும். தவழும் குழந்தையும் ஓடுகிற பிள்ளையும் இருந்தால் பெரியவர்கள் கண் அசர முடியாது. பகலில் சில மணி நேரப் படகு சவாரியும், இரவு கரையில் ஹோம்ஸ்டேயும் நல்ல ஏற்பாடு.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற சித்தப்பாவோ அத்தையோ உடன் வந்தால், அவர்கள் தங்கும் தகவலை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்வது விடுதியின் கடமை. சில சின்ன விடுதிகள் இதற்காகவே மறுப்பதுண்டு. முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேம்ப் ஃபயர் முடிந்ததும், குளிர் தாங்காமல் மீதிக் கரித்தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் மலையூர்களில் இறந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே நினைவு போய்விடும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்து காற்றுப் போக ஜன்னல் இல்லையென்றால் அதுவும் அதே ஆபத்து. அப்படிப்பட்ட அறையைக் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் போங்கள்.

வேன் வைத்துப் போகிறவர்கள் இன்னொருவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாம் கம்பளிக்குள் உறங்கும்போது பல டிரைவர்கள் வண்டியின் சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நம் மொத்தக் குடும்பத்தையும் மறுநாள் இறக்கப் போகிறவர் அவர்தான். விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஒதுக்க வேண்டும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியிருக்கிறது. எல்லா விடுதியிலும் அது வந்துவிடவில்லை. ரூம் போடும்போதே, "டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா? வெந்நீர் கிடைக்குமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பக்கத்து டார்மிட்டரியில் அவருக்கு ஒரு கட்டிலுக்குப் பணம் கட்டிவிட்டு, அதன் பிறகு உங்கள் அறையை உறுதி செய்யுங்கள்.