அரசர் பெயர் பொறித்த எகிப்து வண்டு: பெயரை மட்டும் நம்பலாமா?

சுங்கை பஞ்சாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில், தலையில் ஒற்றைக் கொம்போடு ஒரு கறுப்பு வண்டைப் பார்த்திருப்பீங்க. குருத்தைத் துளைத்துக் கெடுக்கும் காண்டாமிருக வண்டு அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சாணி வண்டைத்தான் பழங்கால எகிப்தியர்கள் தாயத்தாகச் செதுக்கினார்கள்.

ஏன் வண்டு?

அது சாண உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவது, கெப்ரி என்ற தெய்வம் சூரியனை வானில் தள்ளிச் செல்வதைப் போல அவர்களுக்குத் தோன்றியது.

அடியில் என்ன எழுதினார்கள்?

தட்டையான அடிப்பக்கத்தில் பலவற்றில் அரசர் பெயரைப் பொறித்தார்கள். களிமண்ணில் முத்திரை குத்தவும் அது உதவியது. மூன்றாம் அமென்ஹோதெப் அதைச் செய்தி அறிக்கை மாதிரியே பயன்படுத்தினார். ஆட்சியின் முதல் 10 ஆண்டுகளில் 102 சிங்கங்களை வேட்டையாடியதாக ஒரு வகை வண்டில் பெருமையாகச் சொல்கிறார்!

அப்போ, பெயர் இருந்தால் காலம் தெரிந்துவிடுமா?

இல்லை. மூன்றாம் துட்மோஸ் இறந்து பல நூறு ஆண்டுகள் கழித்தும் அவருடைய 'மென்கெபெர்ரே' என்ற பெயரைப் பொறித்தார்கள். அந்தப் பெயரே காப்பாற்றும் என்பது நம்பிக்கை. சுற்றுப்பயணிகளுக்காகச் செய்த போலிகளும் ஏராளம்.

அதனால் ஆய்வாளர்கள் பெயரோடு நின்றுவிடுவதில்லை. எந்த மண் அடுக்கில், எந்தப் பொருள்களோடு கிடைத்தது என்றும் பார்க்கிறார்கள். திருட்டுத்தனமாகத் தோண்டி விற்றுவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துபோகும்.

இணையத்தில் 'அசல் எகிப்து வண்டு' விற்பனைக்கு வந்தால், விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: இது எங்கே, எப்படிக் கிடைத்தது?